வலது தோளில் துண்டு

ஜனவரி 29, புதன்

ஞானையா சார் டீமில் ஆளுக்கொரு டைரி கொடுத்திருக்கிறார். அவர்தான் எங்கள் காலேஜ் பி.டி. சார். எத்தனை மணிக்கு எழுந்தோம், என்ன தின்றோம், எவ்வளவு ஓடினோம் என்று தினமும் எழுத வேண்டுமாம்.

சரி. ஐந்து மணிக்கு எழுந்தேன். எழுப்பப்பட்டேன் என்பதே உண்மை. உப்புமா தின்றேன். அதில் உப்பு இல்லை என்று மெஸ்ஸில் சொன்னால், மா இருக்கிறதே என்கிறார்கள். கிரவுண்டைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஓடி முடித்துப் பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறேன். இந்த வருஷம் முழுக்கவே இப்படித்தான் போகிறது.

சாருக்குக் காட்ட நல்ல பிள்ளை டைரி ஒன்று தனியாக எழுதிக்கொள்வேன். இதை என் ரூம்மேட் ஜெபசிங் மட்டும் திருட்டுத்தனமாகப் படிப்பான். ஜெபா, படிக்கிறதுதான் படிக்கிறாய், மேஜையில் என் அக்கவுண்ட்ஸ் புத்தகமும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் படித்துவிட்டு எனக்காகப் பரீட்சை எழுதிவிடு.

பெயர் பரமகுரு. பி.காம். முதல் வருஷம். வகுப்பில் பாஸ் ஆவது கிடையாது, கோர்ட்டில் பாஸ் கொடுப்பதுதான் தொழில். வாலிபாலில் மூன்று தொடுதலுக்குள் பந்தை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். முதலில் ஒருவன் எடுப்பான், கடைசியில் ஒருவன் அடிப்பான். நடுவில் நின்று யாருக்குத் தூக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவன் செட்டர். அடித்தவனுக்குக் கைதட்டு, கொடுத்தவனுக்குக் கைவலி.

எங்கள் செட்டர் சேர்மராஜ் அண்ணன். கடைசி வருஷம். பொங்கல் போட்டியில் கணுக்கால் பிரண்டதிலிருந்து பெஞ்சில் இருக்கிறார். அதனால் நான் உள்ளே வந்தேன். அவ்வளவுதான் என் வரலாறு.

பிப்ரவரி 1, சனி

இன்றும் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். கீழே இறக்கும்போது யாரும் அவ்வளவு கவனமாக இறக்குவதில்லை என்பதைப் புதிதாகத் தெரிந்துகொண்டேன்.

"எதிராளி எங்க பிளாக் போடப் போறான்னு இந்தப் பயலுக்கு எப்படித்தான் தெரியுதோ" என்று பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். அடிக்கிற பந்தை வலைக்கு மேலே கை நீட்டி மறிப்பதுதான் பிளாக். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிவது சேர்மராஜ் அண்ணனுக்கு. பெஞ்சில் உட்கார்ந்து, சர்வீஸ் விசிலுக்கு முன்னால் அவர் ஒரு வெள்ளைத் துண்டை இடம் மாற்றிப் போடுவார். வலது தோளில் போட்டால் பந்து, வலையோரம் ஒரு முனையில் நின்று அடிக்கிற ஜெபாவுக்கு. இடது தோளில் போட்டால் எதிர் முனையில் நிற்கிற நம் ஆளுக்கு. கழுத்தைச் சுற்றினால் நடுவில் குட்டையாகக் கொடுக்க வேண்டும். தலையில் போட்டால் யாருக்கும் கொடுக்காமல் நானே அந்தப் பக்கம் மெல்லத் தட்டிவிட வேண்டும்.

முதல் மேட்சில் யாருக்குக் கொடுப்பது என்று நான் முழித்ததைப் பார்த்து அவராகவே கண்டுபிடித்த ஏற்பாடு இது. சாருக்குத் தெரியாது. ஜெபாவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. ஜெபா, வெளியே சொன்னால் உனக்கு இனி ஒரு பந்துகூட உயரமாக வராது.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலேஜ் கேட்டுக்கு எதிரே பூல்பாண்டி அண்ணாச்சி டீக்கடை. இந்த ஊரில் தீர்ப்பு சொல்கிற கோர்ட் அதுதான். நாங்கள் ஆடுகிற கோர்ட்டில் நடப்பதெல்லாம் வெறும் சாட்சியம்.

மாதக் கடைசியில் எங்கள் கிரவுண்டிலேயே கல்லூரிகளுக்கான போட்டி. அதற்குள் சேர்மராஜ் அண்ணன் கால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் முதலில் இறங்க வேண்டியவன் யார்? அண்ணாச்சி என் கட்சி. டவுன் பஸ் கண்டக்டர் வேலாயுதம் சேர்மராஜ் கட்சி. நான் பன் வாங்கப் போனபோது வாதம் நடந்துகொண்டிருந்தது. சேர்மராஜ் கொடுக்கிற பந்து, அடிக்கிறவன் கையைத் தேடி வந்து நிற்கும் என்றார் வேலாயுதம். நிற்கிற பந்தை எதிராளியும் பார்ப்பானே என்றார் அண்ணாச்சி.

"பந்து எங்க போவும்னு அந்தக் குருப் பயலுக்கே தெரியாதுவே. பிறவு பிளாக் போடுதவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வேலாயுதம்.

"அதத்தான்வே நானும் சொல்லுதேன். அதனாலதான் ஜெயிக்கான்."

இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் சண்டை போடுகிறார்கள் என்று தோன்றியது. சொல்லவில்லை. பன் இலவசமாகக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்டர்னல் தேர்வு. பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டுமாம். எனக்கு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. சமம்தானே.

மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சேர்மராஜ் அண்ணன் காலை ஊற வைத்துக்கொண்டிருந்தார். ஃபைனல் அன்றைக்கு ஒரு வங்கி டீமுக்கு ஆள் பார்க்க இரண்டு பேர் வருகிறார்களாம். கடைசி வருஷப் பையன்களை மட்டும் பார்ப்பார்கள். எடுத்தால் பயிற்சி, பிறகு வேலை. எடுக்காவிட்டால் ஏப்ரலில் அவர் சென்னையில் சித்தப்பா மளிகைக் கடைக்குப் போக வேண்டும். சித்தப்பா ஏற்கெனவே அவருக்குப் படுக்க இடம் ஒதுக்கிவிட்டாராம், பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கு மேலே.

சாதாரணமாகத்தான் சொன்னார். "மூட்டை மேல படுத்தா எலி கடிக்காதாம்லே" என்று சிரித்தார்.

நான் கணக்கில் வீக். ஆனால் இந்தக் கணக்கு புரிந்தது. அவர் துண்டு என்னைத் தூக்குகிறது. என்னைத் தூக்கத் தூக்க அவர் பெஞ்சோடு ஒட்டிப்போகிறார்.

பிப்ரவரி 8, சனி

சாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மூளை உங்களுடையது, கை மட்டும்தான் என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லி?"

"உங்கள உள்ள எறக்குவாரு."

"பரிதாபப்பட்டு எறக்குவாரு. சைகை பாத்து ஆடுனவன்னு உன்னையும், சைகை காட்டிப் பெஞ்சத் தேச்சவன்னு என்னையும் ஊரே சிரிக்கும். வாய மூடிட்டுப் பந்தத் தூக்குலே."

மூடிக்கொண்டேன். என் வாய் மூடியதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒரு முடிவுக்கு வந்தேன். டீமிலிருந்து என்னை நானே கழற்றிக்கொள்ள வேண்டும். காரணம் தூக்கம். விடியற்காலை விசிலுக்கு இனி என்னால் எழுந்திருக்க முடியாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் முயற்சியாக ஒரு காலில் ஷூவும் மறு காலில் ரப்பர் செருப்புமாகப் பயிற்சிக்குப் போனேன். சார் திட்டி அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சமநிலைக்குப் பயிற்சி எடுக்கான். பாத்துப் படிங்கல" என்று மற்றவர்களிடம் சொன்னார். மாலையில் கேட்டுக்கு வெளியே இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் ஒற்றைச் செருப்போடு துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 12, புதன்

இரண்டாவது முயற்சி. முகத்தில் குங்குமத்தைக் குழைத்துப் புள்ளி வைத்து, அறை வாசலில் வேப்பிலை செருகி, அம்மை போட்டிருக்கிறது என்று ஜெபா மூலம் சொல்லி அனுப்பினேன்.

பத்து மணிக்குள் சேதி டீக்கடைக்குப் போய்விட்டது. பூல்பாண்டி அண்ணாச்சி கட்சியினர் இளநீர் கொண்டுவந்து வாசலில் அடுக்கினார்கள். ஒருவர் மாரியம்மன் கோயிலில் எனக்காகக் கூழ் ஊற்ற நேர்ந்துகொண்டாராம். பதினொரு மணிக்கு சார் வந்து என் கன்னத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரல் சிவந்தது. கிரவுண்டைக் கையால் காட்டினார்.

ஓடும்போது வயிற்றில் இளநீர் குலுங்கியது.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்றாவது முயற்சி. டீக்கடைக்கே போய், சேர்மராஜ் அண்ணன்தான் இறங்க வேண்டும், நான் அவர் கால் தூசி என்று பேசினேன். தன்னைத் தோற்கடிக்கச் சொல்லித் தானே ஓட்டுக் கேட்ட வேட்பாளர் நானாகத்தான் இருப்பேன்.

"எவ்வளவு பணிவு பாத்தியளா" என்றார் அண்ணாச்சி. எங்கள் கட்சிக்கு இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள்.

இந்த ஊரில் ஒருவன் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளக்கூட இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. அலுத்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

கனவில் துண்டைக் காணோம். நான் தூக்கிய பந்து மேலே போனது, திரும்பி வரவே இல்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பக்கத்து ஊர் கிளப்போடு பயிற்சி மேட்ச். மூன்று செட். இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் ஜெபா அவன் பாணியில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

முதல் செட் துண்டு வழி நடந்தது, சுலபமாக ஜெயித்தோம். இரண்டாவது செட் பாதியில் வேலாயுதம் தன் கட்சியோடு வந்தார். தங்கள் ஆளை ஊர் மறந்துவிட்டதாம், கௌரவிக்க வேண்டுமாம். பயிற்சி மேட்ச் என்பதால் யாரும் தடுக்கவில்லை. நேரே பெஞ்சுக்குப் போய் சேர்மராஜ் அண்ணனுக்கு ஒரு சால்வையைப் போட்டார். வலது தோளில்.

நான் ஜெபாவுக்குக் கொடுத்தேன். அங்கே மூன்று பேர் பிளாக்குக்கு நின்றார்கள்.

அடுத்தவர் வந்து இடது தோளில் போட்டார். எதிர் முனைக்குக் கொடுத்தேன். அங்கே நம் ஆளே இல்லை. மூன்றாமவர் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார். நான் நடுவில் குட்டையாகக் கொடுத்தேன், பந்து வலையில் விழுந்தது. நான்காவது வந்தவர் இடம் இல்லாததால் ஒரு பச்சைத் துண்டை உருமாலாகத் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

உருமால் அவிழவேயில்லை. நானும் விடவில்லை. வந்த பந்தையெல்லாம் நானே தட்டினேன். முதல் தடவை அவர்கள் ஏமாந்தார்கள். பிறகு ஒருவன் வலைக்குப் பக்கத்தில் வந்து, கையில் பிரசாதம் வாங்குகிற மாதிரி நின்றுகொண்டான்.

அண்ணனால் எதையும் கழற்ற முடியவில்லை. போட்டவர்கள் எதிரிலேயே நிற்கிறார்கள், மரியாதைக்குப் போட்டதை அவர்கள் கண் முன்னால் எப்படி எடுப்பது? கைகூப்பியபடி, சால்வைகளுக்கு நடுவில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணால் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்றார். எனக்குக் கண் பாஷை தெரியாது. துண்டு பாஷைதான் தெரியும்.

மூன்றாவது செட்டுக்குள் அவர் எல்லாவற்றையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழப்பம் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளைத் துண்டும் அந்தக் குவியலுக்குள் போய்விட்டது. நான் அந்த செட் முழுக்க ஜெபாவுக்கே கொடுத்தேன். வேறு யார் பெயரும் ஞாபகம் வரவில்லை.

தோற்றோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போட்டியில் சேர்மராஜ் இறங்குவான், பரமகுரு மாற்று ஆள் என்று சார் சொல்லிவிட்டார். நான் நினைத்தது நடந்துவிட்டது. நிம்மதி. இனி நன்றாகத் தூங்கலாம். இன்று தூக்கம் வரவில்லை. வெக்கை.

சால்வை போட்டது திட்டமிட்ட சதி என்று பூல்பாண்டி அண்ணாச்சி சொல்கிறாராம். மரியாதை செய்தால் சதியா என்று வேலாயுதம் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். டவுன் பஸ்ஸும் கடை முன்னால் நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளி, சாக்கடை ஓரம் நிற்கிறது. இறங்குகிற கிழவிகளெல்லாம் செட்டர்களைத் திட்டிக்கொண்டே தாண்டுகிறார்கள்.

பிப்ரவரி 22, சனி

துணி துவைக்கிற கல்லில் சேர்மராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காலையில் பயிற்சியில் அவர் கொடுத்த பந்துகள் சரியில்லை. எனக்கே தெரிந்தது. சாருக்குத் தெரியாமல் இருக்குமா?

"கால் வலிக்கா அண்ணே?"

"வலியில்ல. குதிச்சு எறங்கும்போது மறுபடி பெரண்டுருமோன்னு கண்ணு தரைக்குப் போவுது. தரையப் பாத்தா பிளாக்கப் பாக்க முடியல."

கொஞ்ச நேரம் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அது எப்போதோ காய்கிற அளவுக்குப் பிழிந்தாகிவிட்டது.

"பெஞ்சுல இருந்து நீ துண்டு போடுதியாலே?"

சலவைக்கூலி உண்டா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வலது தோள் என்றால் ஜெபாதானே என்று, மறந்துபோனவன் மாதிரி கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

பிப்ரவரி 26, புதன்

போட்டி தொடங்கியது. அண்ணன் உள்ளே, நான் பெஞ்சில், தோளில் அதே வெள்ளைத் துண்டு. ஜெயித்தோம்.

உள்ளே நின்றால் வலை மட்டும்தான் தெரியும். பெஞ்சிலிருந்து பார்த்தால் எதிராளி எந்தக் காலில் சாய்ந்து நிற்கிறான் என்பது வரைக்கும் தெரிகிறது. நான் இத்தனை நாள் அவர் பெரிய மந்திரவாதி என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

அரையிறுதி. தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். இரண்டு இடத்தில் அண்ணன் இறங்கும்போது தள்ளாடினார்.

அண்ணாச்சி கட்சி சாரைப் போய்ப் பார்த்தது. சார் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு ரெண்டு செட் பாப்பேன். சரியா வரலன்னா நீ உள்ள போற. தயாரா இரு" என்றார். வங்கிக்காரர்கள் வருகிறார்களே சார் என்றேன். கோப்பை வங்கிக்கா காலேஜுக்கா என்று கேட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. இதுதான் எரிச்சல். யார் சொல்வதிலும் தப்பில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி, காலை

ஜெர்ஸியைத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். அழுக்காக இல்லை. சும்மா.

நாலு மணிக்கு மேட்ச். வெயிலுக்குப் பத்து மணிக்கே காய்ந்துவிடும். எடுக்க மறக்கக் கூடாது.

பிப்ரவரி 28, மாலை

மறந்துவிட்டேன்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். வங்கிக்காரர்கள் இரண்டு பேரும் நடுவர் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ட்ராக் சூட் மேல்கோட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழே பைகள் குவிந்து கிடந்தன. அதில் சாய்ந்த ஒரு பைமேல் காலை வைத்துக்கொண்டேன். இந்த வெயிலில் எதற்குக் கோட்டு என்று ஒருவன் கேட்டான். உள்ளே ஏ.சி. என்றேன்.

முதல் செட் போனது. இடைவேளையில் பூல்பாண்டி அண்ணாச்சி தன் கட்சியோடு என்னை நோக்கி வந்தார். கையில் ஜரிகைத் துண்டுகள். பழிக்குப் பழி, மரியாதைக்கு மரியாதை. அவர் கையை உயர்த்துவதற்குள் எல்லாத் துண்டையும் வாங்கி, பெஞ்சில் போட்டு, மேலே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி முகம் செத்துப்போனது. மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை, அதற்குள் விசில்.

இரண்டாவது செட். நான் துண்டை மாற்றி மாற்றிப் போடுகிறேன், அண்ணன் பார்க்கிறார், ஆனால் கை ஒரு நொடி தாமதமாக வருகிறது. பந்தைப் பார்த்து, காலைப் பார்த்து, துண்டைப் பார்த்து, ஒரு மனிதனுக்கு எத்தனை கண்? அதுவும் போனது. கூட்டம் குரு, குரு என்று கத்த ஆரம்பித்தது. என் பெயர் அவ்வளவு அசிங்கமாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை.

மூன்றாவது செட் தொடக்கத்திலேயே அண்ணன் குதித்து இறங்கி ஒரு கையை ஊன்றினார். சார் டைம் அவுட் கேட்டார். எல்லோரும் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். சார் என் பக்கம் திரும்பினார்.

"கோட்டக் கழட்டு. உள்ள போ."

ஜிப்பை இறக்கினேன். உள்ளே எங்கள் ஊர் உரக்கடை விளம்பரம் போட்ட பனியன்.

"ஜெர்ஸி எங்கல?"

"காயுது சார்."

வேறொருவன் ஜெர்ஸியைப் போட்டால் நம்பர் மாறும், நடுவர் விட மாட்டார். சார் ஒரு பையனை ஹாஸ்டலுக்கு ஓடவிட்டார். ரோட்டைத் தாண்டினால் ஹாஸ்டல், ஐந்து நிமிஷ வேலை. அதுவரை அண்ணனே ஆடட்டும் என்று விட்டார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எடுத்துக்கொண்டு வந்துவிடுவானே என்று. வந்துவிட வேண்டுமே என்று, அப்படித்தான் எழுத நினைத்தேன்.

அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். நான் போட்ட கொடியில் ஜெர்ஸி இல்லையாம். மாடி முழுக்கத் தேடிவிட்டானாம். காற்றில் பறந்துவிட்டதோ என்னவோ.

சார் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "ஜெர்ஸி இல்லாதவனுக்குப் பெஞ்சுல என்ன சோலி? கயித்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லு" என்றார். துண்டைக் கழற்றிப் பைகள் மேல் போட்டுவிட்டுப் போனேன். கூட்டம் எனக்கு வழிவிட்டது. மரியாதைக்கு அல்ல, ஒட்டிக்கொள்ளுமோ என்று. பூல்பாண்டி அண்ணாச்சி பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சர்வீஸுக்கு முன்னால் சேர்மராஜ் அண்ணன் பெஞ்சைப் பார்த்தார். நான் இருந்த இடத்தில் நசுங்கிய ஜரிகைத் துண்டுகள் மட்டும் கிடந்தன. கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் கை தானாகத் தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அவர் காலைத் தரையில் ஒரு தடவை ஊன்றிப் பார்த்தார். பிறகு திரும்பி வலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் பெஞ்சையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. ஜெபாவுக்குக் கொடுப்பது போல் காட்டி முதுகுக்குப் பின்னால் எதிர் முனைக்குத் தள்ளினார். நடுவில் கொடுப்பது போல் எழும்பி, பந்தைச் சும்மா அந்தப் பக்கம் இறக்கினார். நான் கூட்டத்தில் நின்று மனதுக்குள் துண்டு போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தப்பு. மூன்றாவது செட்டும் நான்காவது செட்டும் எங்களுக்கு. வங்கிக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார்.

கடைசி செட்டில் இரண்டு புள்ளியில் தோற்றோம். ஜெபா அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே போனது. ஜெபா, காற்றுதான் காரணம் என்று எழுதிவிட்டேன். ஜெர்ஸியையே பறக்க வைத்த காற்று.

மார்ச் 1, சனி

யாரும் பேசவில்லை. உப்புமா.

மார்ச் 3, திங்கள்

சார் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். ஏன் என்று ஒரே கேள்வி. மறந்துவிட்டேன் சார் என்று ஒரே பதில். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அம்மைப் புள்ளியைத் தேய்த்துப் பார்த்த அதே பார்வை. அடுத்த வருஷம் டீமில் இடம் கிடையாது, முதலில் வலை கட்டு, பந்துக்குக் காற்று அடி, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

டீக்கடையில் சமாதானம் ஆகிவிட்டது. வேலாயுதமும் பூல்பாண்டி அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். நான் ஒரு தறுதலை என்பதில் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பஸ் மறுபடி கடை முன்னாலேயே நிற்கிறது. கிழவிகளுக்குச் சந்தோஷம்.

பன்னுக்குக் காசு வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் விசில் எனக்கில்லை. ஆனால் ஐந்து மணிக்குக் கண் விழித்துவிட்டது. எழுந்து போய் வலை கட்டினேன்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் சேர்மராஜ் அண்ணன் அறைக்கு வந்தார். ஜெபா ஊருக்குப் போயிருந்தான். வங்கியிலிருந்து போன் வந்ததாம். ஏப்ரலில் சென்னையில் பயிற்சி முகாம், தங்குமிடம் அவர்களே தருகிறார்களாம். சித்தப்பாவின் அரிசி மூட்டைகள் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். சிரித்தார். ஆனால் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பையைத் திறந்து மடித்த துணி ஒன்றை எடுத்து என் தலையணை மேல் வைத்தார். என் ஜெர்ஸி.

"அன்னைக்கு மத்தியானம் சாக்ஸ் எடுக்க மாடிக்குப் போனேன். கொடியில கெடந்துச்சு. மறந்துட்டியேன்னு, உங்கிட்ட கொடுக்கத்தான் பையில எடுத்து வச்சேன்."

நான் மடிப்பைப் பிரித்து நம்பரைப் பார்த்தேன்.

"டைம் அவுட்ல சார் கேட்டப்ப நானும் அங்கதான நின்னேன். அந்தப் பயல ஹாஸ்டலுக்கு ஓடவிட்டதும் தெரியும். பையி பெஞ்சுக்கு அடியிலதான் இருந்துச்சு."

எந்தப் பை என்று பார்த்தேன். நீல நிறம், ஓரத்தில் கிழிசல். அன்றைக்கு நான் கால் வைத்துக்கொண்டிருந்த பை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் காயப் போட்டாய் என்று கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்கவில்லை. வெளியே யாரோ வாளியைக் கல்லில் வைக்கிற சத்தம் கேட்டது.

"மறந்துட்டேன் அண்ணே" என்றேன்.

"நானும்தாம்லே" என்றார்.

ஜெர்ஸி நன்றாகக் காய்ந்திருந்தது.